எலும்பு கட்டாத தோள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூர்க் கறிக்கடை எதற்கு முன்னால் நின்றாலும் இதைப் பார்க்கலாம். தொங்கவிட்ட ஆட்டின் முன்சப்பையைக் கழற்றக் கடைக்காரருக்கு வெட்டுக்கத்தி தேவைப்படுவதில்லை. காலைச் சற்று வெளியே இழுத்து, அக்குளில் சிறு கத்தியை நுழைத்து, விலாவை ஒட்டியே மேலே கொண்டுபோனால் போதும். சப்பை எலும்போடு கால் முழுவதும் கையில் வந்துவிடும். ஓர் எலும்பும் முறிவதில்லை, ஒரு மூட்டும் திறப்பதில்லை. பின்தொடைக்கு வந்தால்தான் வேலை. இடுப்புக் குழிக்குள் தொடையெலும்பின் தலை உட்கார்ந்திருக்கிறது. கத்திமுனையால் அந்த மூட்டைத் தேடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பையே வெட்ட வேண்டும்.

முன்கால் உடம்போடு எலும்பால் இணைக்கப்படவே இல்லை என்பதுதான் காரணம். ஆட்டுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் குதிரைக்கும் இதே கதை. இந்தக் கட்டுரை பேசப்போகும் செந்நாய்க்கும் ஓநாய்க்கும் நரிக்கும் இதே அமைப்புதான். ஆடு ஓடித் தப்பிக்கிறது. செந்நாய் ஓடிப் பிடிக்கிறது. தப்பிக்கிறவனும் பிடிக்கிறவனும் ஒரே வகைத் தோளோடு ஓடுவதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓடுவதற்குத் தோதான தோள் பிடிப்பதற்கு உதவாது. நாய்க்குடும்பத்து வேட்டை முறை முழுவதும் அந்தச் சிக்கலைச் சுற்றியே அமைந்தது என்பது என் எண்ணம்.

மனிதத் தோளிலிருந்து தொடங்குவது எளிது. வேலூர் நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1942-ல் பட்டக் கல்லூரியாக உயர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே உடற்கூறியல் கூடத்துக்குள் நுழையும் முதலாண்டு மாணவர் கற்கும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று காரை எலும்பு. கழுத்துக்குக் கீழே விரலால் தடவினால் தட்டுப்படும் அந்த எலும்புதான் நம் கையை நடுவுடம்போடு இணைக்கும் ஒரே எலும்புப் பாலம். ஒரு முனை மார்பெலும்பில், மறுமுனை தோள்பட்டை எலும்பில். இது கையைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்துவதால்தான் நாம் தோளை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பளு தூக்கவும், கிளையைப் பற்றவும், குழந்தையை அணைக்கவும் முடிகிறது.

நாய்க்கு இந்தப் பாலம் இல்லை. கழுத்திலிருந்து மேற்கைக்கு இறங்கும் நீண்ட தசைப்பட்டை ஒன்றின் நடுவே மெல்லிய நார்க்கோடாகவோ, சில்லு அளவு எலும்பாகவோ காரை எலும்பின் மிச்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எந்த எலும்பையும் தொடுவதில்லை. பூனைக்கு அந்த மிச்சம் கொஞ்சம் பெரியது. எக்ஸ்ரே படத்தில் மெலிந்த குச்சியாகத் தெரியும், ஆனாலும் இரு முனையிலும் தசைக்குள் மிதக்கிறதே தவிர மூட்டாகச் சேர்வதில்லை.

அப்படியானால் உடம்பின் எடை எங்கே தங்குகிறது? நாய் நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்கள் மீது இருக்கிறது. தலையும் கழுத்தும் மார்புக்கூடும் முன்பக்கம்தானே. எலும்பு இணைப்பே இல்லாத காலின் மேல் உடம்பின் பெரும்பாதி எப்படி நிற்கிறது என்றால், நிற்கவில்லை, தொங்குகிறது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே மார்புக்கூடு தூளியில் கிடக்கும் பிள்ளைபோலக் கிடக்கிறது. தூளித் துணியின் முக்கியமான பாகம் செரேட்டஸ் வென்ட்ராலிஸ் என்ற தசை. விலா எலும்புகளிலிருந்தும் கழுத்து முள்ளெலும்புகளிலிருந்தும் பல் பல்லாகக் கிளம்பும் அது விசிறியாகச் சேர்ந்து, தோள்பட்டை எலும்பின் உட்புறத்தில், மேல் விளிம்புக்குப் பக்கத்தில் போய்ப் பற்றுகிறது. தமிழில் ரம்பத்தசை என்று சொல்லலாம்.

இதே தசை நமக்கும் உண்டு. நமக்கு அது விலாவிலிருந்து பின்னால் வளைந்து, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் சேர்கிறது. இதற்கு வரும் நரம்பு பழுதானால் தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து இறக்கைபோல் பிதுங்கி நிற்கும். அதைச் சோதிக்க மருத்துவர் நோயாளியைச் சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளச் சொல்வார். மருத்துவ மாணவர் எவரும் அறிந்த சோதனை இது. தள்ளும் அந்தச் சில நொடிகளில் நம் ரம்பத்தசை செய்யும் வேலையை நாயின் ரம்பத்தசை நின்ற நேரமெல்லாம் செய்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டேவிட் கேரியரும் அவருடைய குழுவினரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஓடும் நாய்களின் தோள் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி எந்தத் தசை எப்போது இயங்குகிறது என்று பதிவு செய்தார்கள். நாயின் உடம்பில் கூடுதல் எடையைக் கட்டி ஓடவிட்டும் பார்த்தார்கள். ஈர்ப்பு விசைக்கு எதிராக உடம்பைத் தாங்கும் முதன்மையான தசை ரம்பத்தசையின் மார்புப் பகுதிதான் என்று உறுதியானது. உடற்கூறியலாளர்கள் பிணத்தைப் பார்த்து வெகுகாலமாக ஊகித்து வந்ததை உயிருள்ள நாய் ஒப்புக்கொண்டது.

தூளிக்கு வேறு துணிகளும் உண்டு. மேலிருந்து சரிவகத் தசையும் சாய்சதுரத் தசையும் தோள்பட்டை எலும்பின் உச்சியை முதுகோடு பிடித்துக்கொள்கின்றன. கீழிருந்து மார்புத்தசைகள் மேற்கை எலும்பை நெஞ்சோடு இழுத்துக் கால் அகன்று போகாமல் பார்த்துக்கொள்கின்றன. பின்னாலிருந்து வரும் அகன்ற முதுகுத்தசை, ஊன்றிய காலின் மேல் உடம்பை முன்னே இழுத்துச் செல்கிறது. முன்னே சொன்ன கழுத்துத் தசைப்பட்டை, தூக்கிய காலை அடுத்த எட்டுக்கு முன்னால் கொண்டுவருகிறது.

இந்த ஏற்பாட்டின் பயன், தோள்பட்டை எலும்பே காலின் ஒரு பகுதியாகிவிடுவது. நமக்கு மேற்கையிலிருந்து கை தொடங்குகிறது. நாய்க்கு முதுகின் உச்சியிலிருந்தே கால் தொடங்குகிறது. சப்பை எலும்பு தன் மேல்முனைக்கு அருகே ஓரிடத்தை அச்சாகக்கொண்டு முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிஷர் குழு பல்வேறு இன நாய்களை வேகமான எக்ஸ்ரே படக்கருவியின் முன் ஓடவிட்டுப் பார்த்தபோது, ஓர் எட்டின் நீளத்தில் பெரும் பங்கு தோள்பட்டை எலும்பின் இந்த ஊசலாட்டத்திலிருந்தே வருவது தெரிந்தது. தோள் மூட்டு என்று நாம் விரலால் சுட்டும் இடத்துக்கு இரண்டாம் இடம்தான். கூடவே, பாய்ந்து இறங்கும்போது தரை கொடுக்கும் அடியை எலும்பு வாங்காமல் தசை வாங்கிக்கொள்கிறது. காரை எலும்பு இருந்திருந்தால் அது முறிந்திருக்கும். மரத்திலிருந்தும் இருசக்கர வண்டியிலிருந்தும் கை ஊன்றி விழுகிறவர்களுக்கு அதிகமாக முறியும் எலும்புகளில் அதுவும் ஒன்று.

தோல் வியாபாரம் அறிந்தவர்களுக்கு இதன் தடம் வேறு விதத்தில் பழக்கம். மாட்டுத்தோலைத் தரம் பிரிக்கையில் கழுத்தும் தோளும் சேர்ந்த பகுதியைத் தனியாகப் பார்ப்பார்கள். அங்கே சுருக்கக் கோடுகள் கூடுதல், பின்முதுகுத் தோலின் சீர்மை கிடைக்காது. உயிரோடிருந்தவரை அதனடியில் கழுத்தும் சப்பை எலும்பும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தனவே.

இனி மூட்டுக்குள் வருவோம். நாயின் தோள் மூட்டும் நம்முடையதைப்போலப் பந்தும் கிண்ணமும்தான், ஆனால் நடைமுறையில் முன்னும் பின்னும் மட்டுமே மடங்கி நீள்கிறது. பக்கவாட்டில் அதைப் பிடித்து நிறுத்த வலுவான இணைநார்கள் இல்லை. அந்த வேலையையும் தசைகளே செய்கின்றன. தோள்பட்டை எலும்பின் வெளிப்புறத்தில் நெடுக ஒரு முகடு ஓடுகிறது. முகட்டுக்கு முன்னே உள்ள பள்ளத்தில் சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னே உள்ள பள்ளத்தில் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், உட்புறத்தில் சப்ஸ்கேப்புலாரிஸ். மனிதத் தோளில் சுழல்தசைக் கூட்டம் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வதில் இந்த மூன்றும் அடக்கம். நம்மில் சுப்ராஸ்பைனேட்டஸ் கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கிவைக்கும். நாயில் அதற்கு அந்த வேலையே இல்லை. தோளை முன்னோக்கி நீட்டுவதும், எடை விழும்போது மூட்டு மடங்கிப் போகாமல் தடுப்பதும்தான் அதன் வேலை. இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் வெளிப்புறத்திலும் சப்ஸ்கேப்புலாரிஸ் உட்புறத்திலும் உயிருள்ள இணைநார்களாக மூட்டை நடுவில் நிறுத்துகின்றன. வேட்டை நாய்களுக்கு வரும் ஒரு நோயில் இது துலங்கும். கடுமையாக ஓடி இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் கிழிந்து, ஆறும்போது நாராகச் சுருங்கிவிட்டால், அந்தக் கால் பிறகு நேராக வீசாது. ஒவ்வோர் எட்டிலும் பாதம் வெளிப்பக்கமாக வட்டமடித்தே தரைக்கு வரும்.

முழங்கையை நீட்டும் முத்தலைத் தசைக்கு மனிதரில் மூன்று தலை. நாயில் நான்கு. முன்காலின் தசைகளிலேயே மிகப் பருமனானது அதுதான். நிற்கும் நாயின் முழங்கை மடியாமல் காப்பது அது. தோளருகே இவ்வளவு சதை திரண்டிருக்க, முழங்கைக்குக் கீழே தசைகள் விரைவில் மெலிந்து நீண்ட தசைநாண்களாகிவிடுகின்றன. எடை மேலே, நுனி இலேசு. ஓடும் விலங்குக்குக் காலை வீசும் செலவு அதனால் குறைகிறது.

இந்த விவரம் எல்லாம் பெரும்பாலும் வீட்டு நாயிடமிருந்து வந்தது. காட்டு இனங்களின் தசைகளைப் பற்றிய விவரிப்புகள் அரிது. சேகரித்த விதம்தான் இதற்குக் காரணம். தக்காணத்துச் செந்நாயையும் இந்திய ஓநாயையும் கர்னல் சைக்ஸ் 1831-ல் விவரித்தார். அதற்குப் பின் நூறாண்டுக்கு மேலாக அருங்காட்சியகங்களுக்குப் போனவை தோலும் மண்டையோடும். சதை அழுகும் என்பதால் காட்டிலேயே விடப்பட்டது. எனவே செந்நாய்க்குக் கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல் இரு பக்கமும் இல்லை, பெரும்பாலான மற்ற நாயினங்களின் 42 பற்களுக்கு எதிராக அதற்கு 40-தான் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அதன் தோள் தசைகளின் எடை அப்படியல்ல. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை செந்நாயைக் கொன்றவர்களுக்கு வெகுமதி கொடுத்தார்கள். அவ்வளவு உடல்கள் விழுந்தும் அறிவியலுக்குக் கிடைத்தது சொற்பம்.

நெருங்கிய ஒப்பீடு ஆப்பிரிக்காவிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள காட்டுநாய்க்கு முன்பாதத்தில் நான்கு விரல்கள்தான், மற்ற நாயினங்களுக்கு உள்ள கட்டைவிரல் நகம் வெளியே தெரியாது. அரிசோனாவின் மிட்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெதர் ஸ்மித்தும் குழுவினரும் இறந்துபோன ஓர் ஆண் விலங்கின் முன்கால் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். இல்லை என்று எண்ணப்பட்ட முதல் விரலின் அடியெலும்பு தோலுக்குள் சிறு எச்சமாக இருந்தது. கட்டைவிரலுக்குப் போக வேண்டிய தசைகள் பற்றுமிடத்தை மாற்றிக்கொண்டிருந்தன. மணிக்கட்டும் பாதமும் முறுக்கிக்கொள்ளாதபடி வலுவான இணைநார்கள் இருந்தன. ஒரே ஒரு உடல் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு மனிதரின் கையை மட்டும் அறுத்து மனிதகுலத்தைப் பற்றி எழுத எந்த உடற்கூறியல் பேராசிரியரும் துணியமாட்டார். என்றாலும் போகும் திசை புலப்படுகிறது. ஓட்டத்துக்காகக் கை தன் சுழற்சியை விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறது. நம் செந்நாய் அந்த வழியில் அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்குக் கட்டைவிரல் நகம் இன்னும் இருக்கிறது.

தசையை எடை போடுவதால் என்ன தெரியும் என்று கேட்கலாம். இதற்கு வேலூரிலேயே விடை உண்டு. 1946-ல் இங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் ஒரு தசையின் நாணை வேறிடத்துக்கு மாற்றித் தைத்தார். எந்தத் தசையை எதற்கு மாற்றலாம் என்ற கேள்வி அவரை விடவில்லை. பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன அவர், முன்கை, கை ஆகியவற்றின் தசைகளை அளந்து 1981-ல் இரு சகாக்களோடு வெளியிட்டார். தசையிழையின் நீளம், அது எவ்வளவு தூரம் இழுக்கும் என்று சொல்லும். பருமனை இழையின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் குறுக்குப் பரப்பு, எவ்வளவு பலமாக இழுக்கும் என்று சொல்லும். விலங்குகளின் காலைப் படிக்கிறவர்கள் இன்று கையாள்வதும் இந்த இரு அளவுகளையே. நீண்ட இழை வேகத்துக்கு, குட்டையான நெருக்கமான இழை தாங்குவதற்கு. ஒரு தராசும் ஓர் அளவுகோலும் பொறுமையும் இருந்தால் செந்நாயின் தோள் எதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இப்போது அந்தப் பழைய சிக்கலுக்கு வரலாம். சிறுத்தை தனியாக மானைப் பிடிக்கிறது. பதுங்கி வந்து, பாய்ந்து, முன்கால்களால் கட்டிப்பிடித்து, நகங்களை மாட்டி, திமிறும் உடம்பை நிலைநிறுத்திய பிறகுதான் தொண்டையைக் கவ்வுகிறது. அதன் முன்கை உள்ளங்கையைத் திருப்ப வல்லது, தோள் பக்கவாட்டில் விரியும், நகம் உள்ளிழுத்து நீளும். செந்நாய்க்கு இவை ஒன்றும் இல்லை. அதன் முழங்கை மூட்டு கதவுக் கீல் அளவுக்கே சுதந்திரம் உள்ளது, ஆரை எலும்பும் அரந்தி எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று சுழல்வது மிகக் குறைவு. கட்டிப்பிடிக்க முடியாத கைகள். ஆகவே பிடிக்கும் வேலை முழுவதும் வாய்க்குப் போகிறது. ஒரு வாயால் பிடித்த இரையை அதே வாயால் கொல்வது கடினம். இன்னும் பல வாய்கள் வேண்டும்.

நாய்க்குடும்பம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஃபிகெய்ரிடோவும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்காவின் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுப் புதைபடிவ நாயினங்களின் முழங்கை எலும்பைப் பார்த்தது. ஆரம்பகால இனங்களின் முழங்கை கைதிருப்ப இடம் கொடுத்தது, அவை காட்டுக்குள் பதுங்கி வேட்டையாடியிருக்க வேண்டும். தட்பவெப்பம் குளிர்ந்து காடு குறைந்து புல்வெளி பரந்தபோது முழங்கை இறுகியது. மறைவதற்கு இடமில்லாத நிலத்தில் ஓட்டம் உதவியது, கை கழன்றது.

பண்டிப்பூரில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்தவர் திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். அவருக்கு முன்பே நீலகிரியின் சிகூர் பக்கம் ஈ.ஆர்.சி. டேவிடார் இந்த விலங்கைப் பற்றி எழுதியிருந்தார். ஜான்சிங் கண்ட வேட்டைகள், செந்நாய் மணிக்கணக்கில் துரத்தி இரையைச் சோர்வடையச் செய்யும் என்ற பழங்கதைக்குப் பொருந்தவில்லை. பெரும்பாலான துரத்தல்கள் சில நூறு மீட்டரில் முடிந்தன. ஒன்று பின்தொடையைப் பற்றும், இன்னொன்று விலாவை, வேறொன்று மூக்கை. மான் விழுவதற்கு முன்பே தின்னத் தொடங்கிவிடும். பார்க்கச் சகிக்காத இந்தக் காட்சிதான் வேட்டைக்காரத் துரைமார்களைச் செந்நாய் மேல் வெறுப்புகொள்ள வைத்தது. கழுத்தைக் கடித்துச் சீக்கிரம் கொல்லும் புலியைக் கனவான் என்றார்கள், இதைக் கொடியது என்றார்கள். இரையைக் கட்டிப்பிடித்துக் கழுத்தைத் தேட வசதியில்லாத ஒரு தோளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை அந்த வெகுமதிப் பணம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தத் தோளோடு கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதற்கு நாகரஹொளெயிலிருந்து ஓர் எண். உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் 1995-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முக்கிய இரைகளின் சராசரி எடை புலிக்கு 91.5 கிலோ, சிறுத்தைக்கு 37.6 கிலோ, செந்நாய்க்கு 43.4 கிலோ. ஒரு செந்நாய் 12 முதல் 20 கிலோ. தன்னைவிடப் பலமடங்கு கனத்த சிறுத்தையைக் காட்டிலும் பெரிய இரையை அது வீழ்த்துகிறது. கிறிஸ் கார்போனும் உடன் ஆய்வாளர்களும் 1999-ல் ஒரு விதியை முன்வைத்தார்கள்: 21.5 கிலோவுக்குக் கீழுள்ள ஊனுண்ணிகள் பொதுவாகச் சிறு இரையை நம்பும், அதற்கு மேலுள்ளவை பெரிய இரைக்கு மாறும். செந்நாய் எல்லைக்குக் கீழே நின்றுகொண்டு கடமானைக் கொல்கிறது.

தோள் இப்படி இருப்பதால் கூட்டம் கட்டாயம் என்று சொல்லிவிட்டால் வாதம் அழகாக முடிந்துவிடும். ஆனால் நரி குறுக்கே வருகிறது. பொன்னிற நரிக்கும் அதே தோள், அதே காரை எலும்பு இல்லாமை. அது பெரும்பாலும் இணையோடு திரிகிறது. எலி, நண்டு, விழுந்த பழம், செத்த மாடு என்று எதையும் தின்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலையொட்டி வலைவைத்துப் பிடித்து ஊர்வலம் கொண்டுபோய்ப் பிறகு விட்டுவிடும் வழக்கம் இருந்த வங்காநரி இன்னும் சிறியது. இப்போது வனத்துறை அந்த வழக்கத்தைத் தடுத்து வருகிறது. வங்காநரி கரையானையும் வண்டையும் பல்லியையும் தின்று, தோண்டிய வளையில் வாழ்கிறது. அதன் தோள் தசைகள் ஓட்டத்தோடு தோண்டலுக்கும் உழைக்கின்றன. எனவே தோள் கூட்டத்தை உண்டாக்கவில்லை. ஒரு வழியை அடைத்தது, அவ்வளவே. பெரிய இரையைத் தனியாகக் கைகளால் பிடிக்கும் வழி நாயினத்துக்கு மூடிவிட்டது. மீதி இருந்தவை இரண்டு: சிறியதைத் தின்று வாழ்வது, அல்லது சேர்ந்து வேட்டையாடுவது. நரியும் வங்காநரியும் முதலாவதை எடுத்தன, செந்நாய் இரண்டாவதை. ஓநாய் நிலத்துக்கும் இரைக்கும் தக்கபடி இரண்டிலும் கால் வைத்திருக்கிறது.

இதைத் தசையளவில் சோதிக்க முடியும். ஒரே தோள் வரைபடத்தில் மூன்று வாழ்க்கைகள் என்றால், இழை நீளமும் குறுக்குப் பரப்பும் மூன்றிலும் வேறுபட வேண்டும். வங்காநரியில் தோளைப் பின்னிழுக்கும் டெரெஸ் மேஜரும் முத்தலைத் தசையும், தோண்டும் விலங்குக்கு உரிய அளவில், உடம்போடு ஒப்பிடப் பெரிதாக இருக்க வேண்டும். செந்நாயில் ரம்பத்தசை குட்டை இழைகளோடு கனத்திருக்க வேண்டும், ஏனென்றால் இழுத்துத் திமிறும் மானின் எடையும் கடித்துத் தொங்கும்போது கழுத்து வழியாக அந்தத் தூளியில்தான் இறங்குகிறது. இந்த இரண்டாவது ஊகம் தவறாகவும் போகலாம். கழுத்தின் தசைகளே அந்தச் சுமையை வாங்கிவிடவும் கூடும்.

உடல்கள் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலைகளில் நரிகள் அடிபட்டுச் சாகின்றன. காப்புக்காடுகளில் செந்நாய் இறந்தால் வனத்துறை கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்கிறார். சாவுக்கான காரணத்தைக் கண்டறிய வயிறு, நுரையீரல், ஈரல் ஆகியவை திறக்கப்படுகின்றன. தோலுக்கடியில் தோட்டாவோ கண்ணிக்கம்பியின் தழும்போ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதன்பின் உடல் எரிக்கப்படுகிறது அல்லது புதைக்கப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடல் என்பதால் ஒரு துண்டு சதையை எடுக்கவும் அனுமதி வேண்டும். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் நரிக்கொம்பு விற்பவர்களின் கையில்தான் அது போய்ச் சேரும். ஆனால் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறை இருக்கிறது, நாமக்கல்லிலும் இருக்கிறது. ஒரு முன்காலை, கறிக்கடைக்காரர் கழற்றுவதுபோல் எலும்பு முறியாமல் விலாவிலிருந்து பிரித்து, பதப்படுத்தி, தசை தசையாக எடை போட ஒரு மேசையும் சில நாட்களும் போதும். அனுமதிக் கடிதத்துக்குத்தான் அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும்.